அத்தியாயம் 6: இரண்டாவது துவைப்பு

போன ஆடித் தள்ளுபடிச் சமயத்தில் ஒரு கண்காட்சியில் மெரூன் நிறச் சுங்குடிச் சேலை ஒன்று எடுத்தேன். விலை 850 ரூபாய். வீட்டுக்கு வந்து காபி ஆறுவதற்குள் நோட்டைத் திறந்து, 'இந்த மாதம் பிடித்தவை' என்று தலைப்புப் போட்டு, முதல் வரியாக அதை எழுதியும் விட்டேன். பக்கத்தில் "ஆஹா, என்ன நிறம்!" என்று ஒரு குறிப்பு வேறு.

முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் தனியாக அலசினேன். கொஞ்சம் சாயம் இறங்கியது. புதுத் துணி அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை, ஒருமுறை அலசியாயிற்றே என்ற தைரியத்தில் மற்ற துணிகளோடு ஊறப் போட்டேன். வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி அன்றோடு ரோஸ் வேட்டி ஆனது. சேலையின் வெள்ளைப் புள்ளிகளும் ரோஸ். கரை ஒரு பக்கமாகச் சுருங்கியதால், கொசுவம் வைத்தால் முன்பக்கம் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. தெருமுனையில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கும் அண்ணன் அதைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்: "அக்கா, இது கட்டுன புள்ளி இல்லக்கா, அச்சு. கட்டுன புள்ளின்னா பொட்டி ஓடுறப்பவே சுருக்கு தட்டும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"மொதத் தடவ நீங்க எங்கிட்டத் தரவே இல்லையேக்கா."

நோட்டில் அந்த "ஆஹா"வை நான் அடிக்கவில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வரியிலிருந்து வந்ததுதான். பார்த்தது, படித்தது, உடுத்தியது என்று மாதக் கடைசியில் பிடித்தவற்றைத் தொகுத்து எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. நானும் ஏழெட்டு வருடமாக எழுதுகிறேன். பழைய பக்கங்களைப் புரட்டினால் பாதிக்கு மேல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. 'சூப்பர் படம்' என்று எழுதிய படத்தின் கதை ஞாபகம் இல்லை. 'கட்டாயம் படிக்கணும்' என்று மூன்று கோடு போட்ட புத்தகத்தை யாரிடம் கொடுத்தேன் என்பதும் நினைவில்லை. எழுதிய நேரம்தான் தப்பு. புதுசின் மினுமினுப்பு போவதற்குள் எழுதியிருக்கிறேன். இப்போது ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: இரண்டாவது துவைப்பைத் தாண்டாத எதுவும் பட்டியலில் ஏறாது. சேலை என்றால் துவைப்பு, படம் என்றால் இரண்டாம் தடவை பார்ப்பது, புத்தகம் என்றால் மறுபடி திறப்பது.

முதலில் நோட்டு. அழகான டைரி வேண்டாம். அழகான டைரியில் கை கூசும், அடித்து எழுத மனம் வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் 100 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். பக்கத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் பெயர். இரண்டாவதில் எங்கே, யாரோடு, என்ன விலை. மூன்றாவதில் ஒரே ஒரு விவரம். ஒரு காட்சி, ஒரு பக்கம், ஒரு நூல். "நல்லா இருந்தது" என்று இந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு எங்கள் வீட்டில் தடை. நான்காவதைக் காலியாக விடுங்கள். அது இரண்டாம் தடவையின் தேதிக்கு. மூன்று மாதம் வரை நான்காவது கட்டம் காலியாகவே கிடந்தால் அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு. பேனா வேண்டாம், சில சமயம் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருவதும் உண்டு.

பத்து என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து நிரப்ப வேண்டும் என்பதற்காகவே ஏழாவதிலிருந்து பொய் சொல்ல ஆரம்பிப்போம். எனக்குப் போன சித்திரையில் ஒரே ஒரு வரிதான் தேறியது. அதுவும் ஒரு வேப்பம்பூ ரசம்.

இனி ஒவ்வொன்றாக. சேலையிலிருந்தே தொடங்குகிறேன், சூடு பட்டது அதில்தானே.

மதுரையில் சுங்குடி என்பது சௌராஷ்டிரர்களின் கைவேலை. துணியில் இடம் குறித்து, விரல் நுனியால் துளித்துளியாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். காய்ந்தபின் கட்டை அவிழ்த்தால் நூல் இருந்த இடம் மட்டும் வெள்ளை. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று விளக்குத்தூண் பக்கம் சுங்குடி என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி அச்சுத் துணி. அச்சு மட்டம் என்று சொல்ல வரவில்லை. தினசரிக்குக் கட்ட அச்சுச் சுங்குடிதான் கட்டுப்படியாகும், நல்ல சாயத்தில் நல்ல அச்சும் உண்டு. கட்டிய புள்ளியின் விலையை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடையில் இப்படிப் பாருங்கள். புள்ளியைக் கண்ணருகே கொண்டுவாருங்கள். கட்டிய புள்ளி ஒரு நாளும் சரியான வட்டமாக இருக்காது. கொஞ்சம் சதுரம், கொஞ்சம் கோணல், பலவற்றில் நடுவே குண்டூசித் தலை அளவு நிறம் தங்கியிருக்கும். பக்கத்துப் புள்ளியோடு ஒத்துப்போகாது. எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் அச்சடித்த மாதிரி இருந்தால், அச்சடித்ததுதான். துணியைத் திருப்பினால் அச்சு பின்பக்கம் வெளுத்திருக்கும். சாயத்துக்கு இன்னொரு சோதனை: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து முந்தியின் ஓரத்தில் பத்து தடவை தேயுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் தேயுங்கள். அன்று நான் தேய்க்கவில்லை. கூட்டம், கூச்சம்.

முதல் அலசலில் போவது கஞ்சியும் ஒட்டாத சாயமும். அதனால் முதல் அலசலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாவதில்தான் நூலின் குணம் தெரியும்: கரை சுருங்குகிறதா, உடல் தளர்கிறதா, நிறம் நிற்கிறதா. கண்டாங்கியில் இது நன்றாகவே புலப்படும். செட்டிநாட்டுக் கண்டாங்கி முதலில் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும்; கட்டங்களும் அகலக் கரையுமாக, கட்டினால் நம்மைவிடச் சேலைதான் முன்னால் நடக்கும். இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகுதான் இடுப்பில் உட்காரப் பழகும். புதிதில் பிடிக்காமல் போய், துவைத்தபின் பட்டியலில் ஏறியது எனக்கு அது ஒன்றுதான். கடுகு நிற உடல், அரக்குக் கரை.

கஞ்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடர்நிறச் சேலைக்குச் சோறு வடித்த கஞ்சியை அப்படியே ஊற்றினால் காய்ந்தபின் திட்டுத் திட்டாக வெள்ளை பூக்கும். மூன்று பங்கு தண்ணீர் விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, சேலையைத் திருப்பிப் போட்டு முக்குங்கள், நிழலில் உலர்த்துங்கள். கஞ்சியோடு மடித்து மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து.

விலைக் கட்டத்துக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. அந்த மெரூன் சேலையை நான் கட்டியது இரண்டே தடவை; ஆக, ஒரு தடவைக்கு 425 ரூபாய். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடியில் எடுத்த பச்சைப் பருத்திச் சேலை 1,240 ரூபாய்; இதுவரை 31 தடவை; தடவைக்கு 40 ரூபாய். எது மலிவு என்று இப்போது சொல்லுங்கள். கட்டும்போதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவேன், பால்காரக் கணக்கு மாதிரி.

படங்களுக்கு வருவோம்.

'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தது. அதே நாளில்தான் 'வாழை'யும். நாத்தனாரோடு போனேன். பி.எஸ். வினோத்ராஜ் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஒரு குடும்பம், ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக எண்ணி, ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலுமாகச் சாமியாடியைத் தேடிப் போகிறது. போகிறது, போகிறது, பிறகு சட்டென்று நின்றுவிடுகிறது. அரங்கில் விளக்குப் போட்டதும் நாத்தனார் என் கையைப் பிடித்து, "மதினி, கரண்டு போயிருச்சா?" என்றாள். நானும் அன்று நோட்டில் எழுதவில்லை. எழுத ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

ஐந்து மாதம் கழித்து வீட்டில், காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இம்முறை கதை எங்கே போகிறது என்ற அவசரம் இல்லாததால் காது திறந்துகொண்டது. ஆட்டோவின் இரைச்சல் நின்றதும் வெட்டவெளியில் காற்று எப்படிக் கேட்கிறது. சூரி தொண்டை கட்டிப்போய், சுண்ணாம்பு தடவிய கழுத்தோடு, எட்டாத குரலில் கத்தும்போது எவ்வளவு கோரமாக இருக்கிறது. அன்னா பென் படம் நெடுக ஏறக்குறைய வாயே திறக்காதது எவ்வளவு சத்தமாக இருக்கிறது. பாதையை மறித்து ஒரு காளை நிற்கும். அத்தனை ஆண்களும் என்ன செய்வதென்று நிற்பார்கள். ஒரு சிறுமி வந்து சர்வசாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போவாள். என் மூன்றாவது கட்டத்தில் இருப்பது அந்தச் சிறுமிதான்.

'மெய்யழகன்' கதை வேறு மாதிரி. ச. பிரேம்குமார் படம், 2024 செப்டம்பர். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டைவிட்டுப் போன குடும்பத்தின் பையன் (அரவிந்த்சாமி) இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் (கார்த்தி) "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். வந்தவனுக்கு அவன் பெயர் ஞாபகம் இல்லை, கேட்கவும் வாய் வரவில்லை. நம் எல்லோருக்கும் நடக்கும் சங்கடம். அதை மூன்று மணி நேரம் நீட்டியிருக்கிறார். வெளிவந்து சில நாளில் 18 நிமிடம் போலக் குறைத்தார்கள். முழுதாகப் பார்த்தபோது "இராப்பேச்சு கொஞ்சம் நீளம்" என்று முணுமுணுத்தவள் நான். குறைத்ததை இரண்டாம் தடவை பார்த்தபோது, எங்கே அந்தப் பேச்சு என்று தேடியவளும் நானே. குறை சொன்ன இடமே இல்லாமல் குறைபட்டது. இரண்டாம் தடவை கட்டாயமாகப் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான். அத்தான் வீட்டார் ஊரைவிட்டுப் போனபோது விட்டுப்போன பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று கார்த்தி சொல்லும் இடம், அரவிந்த்சாமி முகத்தைப் பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) இந்த அத்தியாயத்துக்காகவே எடுத்த படம் போல இருக்கும். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவர். கோஜி யாகுஷோ நடித்தது, கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரக்கிளைகளுக்கிடையே விழும் வெயிலை ஃபிலிம் கேமராவில் படம் எடுப்பார். பிரிண்ட் வாங்கிவந்து பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சரியில்லாததை டர்ரென்று கிழிப்பார். தேறியதைப் பெட்டியில் போட்டு அடுக்குவார். முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. என் பென்சில் கோட்டை நான் இழுப்பது அவரைப் பார்த்துத்தான். அவர் பழைய புத்தகக் கடையில் மலிவு விலைப் புத்தகம் ஒன்றை வாங்கினால், அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. அது மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை.

இரண்டாம் தடவை பார்க்க நேரம் ஏது என்பீர்கள். முழுதாகப் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு இருபது நிமிடம் போடுங்கள். கை தானாக ரிமோட்டைத் தேடுகிறதா என்று கவனியுங்கள். ஒரு பெரிய நடிகரின் படத்தை முதல் நாள் விசில் சத்தத்தில் பார்த்துப் பரவசப்பட்டு எழுதியிருந்தேன். வீட்டில் பதினோராவது நிமிடத்தில் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன். அன்று எனக்குப் பிடித்தது விசில்தான் போலிருக்கிறது.

வெப் சீரிஸ்களில் தேறுவது அபூர்வம். யார் கொலையாளி என்று தெரிந்துவிட்டால் அத்தோடு சரி. 'சுழல்' முதல் சீசன் (2022) மட்டும் தாங்கியது. மயானக் கொள்ளைத் திருவிழா ஒவ்வொரு நாளும் வளர்வதோடு கதையையும் பின்னியிருப்பதால், முடிச்சு அவிழ்ந்தபின்னும் திருவிழாவைப் பார்க்கலாம்.

புத்தகத்துக்கு என் சோதனை இது: முடித்து ஒரு மாதம் ஆனபின், நின்றவாக்கிலேயே எடுத்து நடுவில் எங்காவது திறவுங்கள். இரண்டு பக்கம் படித்து முடித்தும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தீர்கள் என்றால் நான்காவது கட்டத்தில் தேதி போடலாம். அடுப்பில் பால் பொங்கினால் கூடுதல் மதிப்பெண்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' எங்கள் வீட்டில் பால் பொங்கவைத்த புத்தகம். கல்லூரி நாளில் படித்தபோது அது எனக்கு ஜமுனாவின் கதை. சினிமா ஆசை காட்டி அவளை இழுத்தடிக்கும் பாஸ்கர் ராவ் மேல் வந்த கோபம்தான் மிஞ்சியிருந்தது. இந்த வருடம் எடுத்தபோது பாஸ்கர் ராவ் ஓரமாகப் போய்விட்டார். குழாயில் வரும் நாற்றம், தோண்டிப் போட்ட தெரு, குடத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவது, பம்பை அடித்து அடித்துக் கை ஓய்வது, இவைதான் கண்ணில் பட்டன. தன் வாழ்க்கையைச் சாதாரணமாகச் சொல்லி ஜமுனாவை எழுந்து நிற்கவைக்கும் டீச்சரம்மாவை முதல் வாசிப்பில் நான் கவனித்தேனா என்பதே சந்தேகம். இப்போது டீச்சரம்மா வயதுக்கு நான் பக்கத்தில் வந்துவிட்டேன். ஆகவே பழைய புத்தகத்தையும் 'இந்த மாதம் பிடித்தவை'யில் சேர்க்கத் தயங்காதீர்கள். புதிது நீங்களாகவும் இருக்கலாம்.

பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி'யும் தேறியது. சொத்துப் பிரித்தபின் மனம் நொந்து, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புது நிலம் தேடிக் கிளம்பும் முத்துவின் கதை. ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023-இல் ஜேசிபி விருது கிடைத்தபோதுதான் பலரும் தமிழ்ப் புத்தகத்தைத் தேடினார்கள். நானும் அந்தப் பலரில் ஒருத்தி, ஒத்துக்கொள்கிறேன். முத்துவும் உடன்வரும் குப்பனும் வழியில் பேசிக்கொண்டே போகும் பக்கங்களில் எங்கு திறந்தாலும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தனி ரகம். ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 122 அத்தியாயம், முடிவதற்கு முன் 1942-இல் அவர் காலமாகிவிட்டார். தொடருக்காக எழுதியது என்பதால் ஒவ்வொன்றும் ஒரு டம்ளர் காபி அளவு. காலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நாலு மாதம் ஓடிவிடும். இதைப் பட்டியலில் போடுவதா என்று யோசித்தேன்; எல்லா மாதமும் போட வேண்டிவரும். கடைசியில் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டேன்.

வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றில்லை. மதுரைக்காரர்களுக்கு நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலை 15 முதல். சந்தேகமான புத்தகத்தை முதல் தடவை அங்கே உட்கார்ந்து படியுங்கள். இரண்டாம் தடவை தேடினால் மட்டும், தமுக்கத்தில் புத்தகத் திருவிழா போடும்போது வாங்குங்கள். என் அலமாரி இதனால் ஒரு தட்டு காலியானது. அந்தத் தட்டில் இப்போது சேலை இருக்கிறது, அது வேறு கதை.

இனி, பட்டியலை அடுத்தவருக்குச் சொல்வது. இதில்தான் உறவு கெடும். "பாரு, சூப்பரா இருக்கும்" என்று சொல்லாதீர்கள். யாருக்கு ஆகாது என்பதை முதலில் சொல்லுங்கள். 'கொட்டுக்காளி' பாட்டு வேண்டும் என்பவருக்கு ஆகாது, முடிவு வேண்டும் என்பவருக்கும் ஆகாது. 'தண்ணீர்' ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டாம். கண்டாங்கி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு முதல் மாதம் ஆகாது. இப்படிச் சொல்ல ஆரம்பித்தபின் என்னிடம் கேட்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். கேட்டவர்கள் திரும்பி வந்து சண்டை போடுவதும் குறைந்திருக்கிறது.

மாதிரிக்கு, இந்த மாதப் பக்கத்திலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்:

கண்டாங்கி, கடுகு-அரக்கு. காரைக்குடி, சித்தியோடு. நாலாவது துவைப்பில் கொசுவம் சொன்னபடி கேட்டது. தேதி: போட்டாயிற்று.

தண்ணீர். பழைய பிரதி, அட்டை இல்லை. டீச்சரம்மா பேசும் இரவு. தேதி: போட்டாயிற்று. பால்: பொங்கியது.

நெகமம் பருத்திச் சேலை, நீலம். அக்கா கொடுத்தது, விலை கேட்கக் கூடாது. ஒருமுறைதான் அலசியிருக்கிறது. தேதி: காலி.

மெய்யழகன். முதலில் நாத்தனார் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், மூன்றாம் தடவை போடப் போகிறோம். "கரண்டு போகாதுல்ல மதினி?" என்று போனிலேயே கேட்டுக்கொண்டாள்.